அத்தியாயம் 7: கருவாட்டு வண்டும் காற்றின் ஈரமும்

மட்டக்களப்பு நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்து மேற்கே வந்தால் வவுணதீவு. படுவான்கரையின் இந்தப் பகுதிக்குக் கருவாடு பல வழிகளில் வந்து சேர்கிறது. வாவியில் பிடித்த மணலையும் கூனியும் ஒரு பக்கம். உன்னிச்சை போன்ற குளங்களின் திலாப்பியாவும் விராலும் இன்னொரு பக்கம். எழுவான்கரைக் கடற்கரை வாடிகளிலிருந்து நெத்தலி, கீரி, கட்டா, சுறா என்று வேறொரு பக்கம். கோடையில் மீன் மலிவு, வெயிலும் தாராளம். மாரியில் கடல் குமுறும், தோணி இறங்காது, கருவாட்டின் விலை ஏறும். ஆகவே கோடையில் காயவைத்து மாரியில் விற்பதே இந்தத் தொழிலின் கணக்கு.

அந்தக் கணக்கைக் கெடுப்பது வண்டு. செப்டெம்பரில் நிறுத்துக் கட்டிய சாக்கை ஜனவரியில் அவிழ்த்தால் எலும்பும் தோலும் பழுப்புத் தூளும் கொட்டுவது பல வியாபாரிகள் அறிந்த நட்டம். ‘மாரி வந்தால் புழு வரும்’ என்று சொல்லி விட்டுவிடுகிறோம். ஆனால் வண்டு வானத்திலிருந்து விழுவதில்லை. அது எந்த வெப்பத்தில் எவ்வளவு வேகமாகப் பெருகும், எந்த ஈரப்பதனில் செழிக்கும், எப்போது சாகும் என்பதெல்லாம் அளந்து அறியப்பட்டவை. அந்த அளவுகளை நமது ஊரின் காலநிலையோடு பொருத்தி, என்ன செய்யவேண்டும் என்று சொல்வதே இந்த அத்தியாயம்.

எதிரி யார்?

முதலில் ஈயையும் வண்டையும் பிரித்துப் பார்க்கவேண்டும். ஈ பச்சை மீனுக்கு வரும். மீன் காயத் தொடங்கிய முதல் ஓரிரு நாட்களில் செவுளிலும் வயிற்றிலும் முட்டையிடும். கால் இல்லாத வெள்ளைப் புழுக்கள் அதனுடையவை. மீன் காய்ந்துவிட்டால் ஈக்கு அங்கே வேலையில்லை. வண்டின் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

நமது கருவாட்டில் முக்கியமாக இரண்டு வகை வண்டுகளைக் காணலாம்.

முதலாவது டெர்மெஸ்டிஸ் இன வண்டுகள். அரை முதல் ஒரு சென்ரிமீற்றர் வரை நீளம், கருமை நிறம். இவற்றுள் டெர்மெஸ்டிஸ் மக்குலேற்றஸ் என்பதைத் திருப்பிப் பார்த்தால் அடிவயிறு வெண்மையாக இருக்கும். இவற்றின் குடம்பிகள், அதாவது புழுக்கள், கரும்பழுப்பு நிறத்தில் உடம்பெல்லாம் மயிர் சிலிர்த்து, வால் முனையில் இரண்டு சிறு கொம்புகளோடு காணப்படும். கருவாட்டைத் தின்று தீர்ப்பதில் பெரும்பங்கு இந்தப் புழுக்களுடையது.

இரண்டாவது நெக்ரோபியா ரூஃபிபஸ். நீலமும் பச்சையும் கலந்து மின்னும் சிறிய வண்டு; கால்கள் சிவப்பு. கொப்பராவிலும் இதே வண்டுதான். அதனால் கொப்பரா அடுக்கிய அறையில் கருவாட்டை வைப்பது வண்டை அழைத்து வந்து விடுவதற்குச் சமம். இது கருவாட்டையும் தின்னும். மற்றப் பூச்சிகளின் முட்டைகளையும் புழுக்களையும் தின்னும்.

டெர்மெஸ்டிஸ் புழுவுக்கு ஒரு பழக்கம் உண்டு. முழுதாக வளர்ந்ததும் தீனியை விட்டு விலகி, கூட்டுப்புழுவாக மாறுவதற்குப் பாதுகாப்பான பொந்து தேடும். மரத்தூண், பலகை, மட்டைப்பெட்டி, ரெஜிபோம் பெட்டி எல்லாவற்றையும் குடையும். கருவாட்டை விற்றுத் தீர்த்த பிறகும் அறையில் வண்டு மிஞ்சுவதற்குக் காரணம் இதுதான்.

வெப்பம்: வண்டின் வேகம்

பூச்சிகளுக்குச் சொந்த உடற்சூடு இல்லை. சுற்றுப்புறம் எவ்வளவு சூடோ, அவ்வளவுக்கு அவற்றின் வளர்ச்சியும் வேகமாகும். சேமிப்புப் பூச்சிகளை ஆராய்ந்த ஆர். டபிள்யூ. ஹோவ், டெர்மெஸ்டிஸ் ஃப்ரிஷி என்ற வண்டின் வாழ்க்கை வட்டம் வெப்பத்துக்கும் ஈரப்பதனுக்கும் ஏற்ப எப்படி நீள்கிறது, குறுகுகிறது என்பதை 1953இல் வெளியிட்டார். அதன் பிறகு மற்ற இனங்களிலும் இத்தகைய ஆய்வுகள் நடந்தன. மக்குலேற்றஸ் வண்டைப் பொறுத்தவரை நடைமுறைக்குத் தேவையான கணக்கு இது:

- 18 பாகை செல்சியசுக்குக் கீழே: வளர்ச்சி பெரும்பாலும் முடங்கிவிடும்.
- 20 பாகையை ஒட்டி: வளரும், ஆனால் ஒரு தலைமுறைக்கு மாதக்கணக்கில் ஆகும்.
- 25 பாகையில்: ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மாதம்.
- 30 முதல் 35 பாகை வரை: முட்டையிலிருந்து வண்டாக ஐந்து, ஆறு வாரம் போதும். முட்டை இரண்டு மூன்று நாளில் பொரித்துவிடும்.
- 40 பாகையைத் தாண்டினால்: வளர்ச்சி குலையும், இறப்பு கூடும்.
- 50 பாகையும் அதற்கு மேலும்: ஒரு மணி நேரமளவில் எல்லா நிலைகளும் சாகும்.

இப்போது மட்டக்களப்பின் வெப்பத்தைப் பார்ப்போம். ஆண்டுச் சராசரி 28 பாகையை ஒட்டியது. ஜூனில் பகல் வெப்பம் 33, 34 வரை ஏறும். ஜனவரி இரவிலும் 22, 23க்குக் கீழே இறங்குவது அரிது. ஆக, வண்டை முடக்கும் குளிர் நமக்கு எந்த மாதத்திலும் இல்லை. சராசரி 16 பாகையளவில் இருக்கும் நுவரெலியாவில் அதே சாக்குக் கருவாடு கிடந்தால் வண்டு பெருகத் திணறும். வவுணதீவில் அது பன்னிரண்டு மாதமும் பெருகும்.

பெருகும் விதத்தையும் ஒரு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். ஒரு பெண் வண்டு தன் வாழ்நாளில் சில நூறு முட்டைகள் இடும். அவற்றில் பெரும்பாலானவை அழிந்து, ஒவ்வொரு பெண்ணுக்கும் பத்துப் பெண் வண்டுகள் மட்டுமே மிஞ்சுவதாக வைத்துக்கொள்ளுங்கள். செப்டெம்பர் முடிவில் சாக்குக்குள் ஐந்து பெண் வண்டுகள் இருந்தால், அடுத்த தலைமுறையில் 50, அதற்கடுத்து 500, மூன்றாவதில் 5,000. இதற்கு நான்கு மாதமளவு போதும். கட்டும்போது கண்ணில் படாத ஐந்து வண்டுகள்தான் ஜனவரி மாதத்துத் தூள்.

ஈரம்: வண்டின் வாழ்வு

காற்றில் உள்ள நீராவி, அந்த வெப்பத்தில் காற்று தாங்கக்கூடிய முழு அளவில் எத்தனை பங்கு என்பதே சாரீரப்பதன். டெர்மெஸ்டிஸ் புழுக்கள் 65 முதல் 75 சதவீதம் வரையான ஈரப்பதனில் நன்றாக வளரும். காற்றும் கருவாடும் மிக வறண்டால் உடனே சாவதில்லை. ஆனால் புழுப்பருவம் நீளும், தோல் உரிக்கும் தடவைகள் கூடும், இறப்பும் கூடும். பெண் வண்டுக்குக் குடிக்க நீர் கிடைத்தால் இடும் முட்டைகள் கூடும். கூரை ஒழுகும் அறையிலும் ஈரத் தரையிலும் வண்டு மளமளவென்று பெருகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஈரப்பதன் இன்னும் ஏறினால் பூஞ்சணமும் பற்றும். கருவாட்டைச் சூழ்ந்த காற்று 70 சதவீதத்துக்குக் கீழே நின்றால் பூஞ்சணம் பெரும்பாலும் வளராது.

மட்டக்களப்புக்கு ஆண்டு மழை ஏறத்தாழ 1,700 மில்லிமீற்றர். அதில் பெரும்பங்கு ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை வடகீழ்ப் பருவத்தில் பெய்கிறது. அந்த மாதங்களில் ஈரப்பதன் 80 சதவீதத்தைத் தாண்டியே நிற்கும். மாறாக, கச்சான் காற்று வீசும் ஜூன், ஜூலையில் பகலில் 60 சதவீதத்தை ஒட்டி இறங்கும் நாட்கள் உண்டு. மேற்கே மலைகளைத் தாண்டி வறண்டு வரும் அந்தக் காற்றுத்தான் கருவாட்டுத் தொழிலின் உண்மையான முதலீடு.

ஆனால் கோடையிலும் இரவு வேறு. பகலில் 31 பாகை வெப்பமும் 65 சதவீத ஈரப்பதனும் இருந்த காற்று, இரவில் 24 பாகைக்கு ஆறினால் அதே நீராவியோடு ஈரப்பதன் 98 சதவீதத்துக்கு ஏறிவிடும். பகலெல்லாம் காய்ந்த மீனை இரவில் திறந்தபடி விட்டால் காய்ச்சலில் ஒரு பங்கைக் காற்றே திருப்பி எடுத்துக்கொள்ளும். பிற்பகல் 4 மணிக்கு முன்னர் மீனை அள்ளி மூடுவது என்ற ஒரே பழக்கம் பாதி வேலையை முடித்துவிடும்.

இதே கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும். 27 பாகையில் 85 சதவீத ஈரப்பதன் உள்ள மாரிக் காற்றை 37 பாகைக்குச் சூடாக்கினால் ஈரப்பதன் 50 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே இறங்கும். அடுப்புக்கு மேலே பரண் கட்டிக் கருவாட்டுப் பறியைத் தொங்கவிட்ட நமது முன்னோர் செய்தது இதைத்தான். அங்கே புகை மட்டுமல்ல, சூடேறி வறண்ட காற்றும் கருவாட்டைக் காத்தது.

உப்பு: எவ்வளவு நம்பலாம்?

உப்பு நல்ல காவல். தசையில் உப்பு, உலர் எடையில் பத்துச் சதவீதத்தைத் தாண்டினால் மக்குலேற்றஸ் புழுவின் வளர்ச்சி பெரிதும் தடைப்படும். ஆனால் ஃப்ரிஷி என்ற இனம் அதைவிடக் கூடிய உப்பையும் தாங்கும். எனவே ‘உப்புக் கருவாட்டில் வண்டு வராது’ என்பது அரை உண்மை.

இன்னொரு சிக்கலும் உண்டு. தூய கறியுப்பு, காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டியதும் ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். மாரியில் 80க்கு மேல் நிற்கும் நமது காற்றில், திறந்து கிடக்கும் உப்புக் கருவாடு தானாகவே நனையும். உப்பில் மக்னீசியம் குளோரைட் கலந்திருந்தால் நிலைமை மோசம். அது 33 சதவீத ஈரப்பதனிலேயே நீரை இழுக்கும். கைப்பாகவும் எப்போதும் ஈரமாகவும் இருக்கும் புது உப்பைத் தவிர்த்து, குவித்து வைத்துக் கழிவுநீர் வடிந்த பழைய உப்பை வாங்குங்கள்.

அளவு: பெரிய மீனைப் பிளந்து சுத்தப்படுத்தி, மூன்று அல்லது நான்கு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உப்பு. உப்புநீரில் ஊறவைப்பதானால் ஒரு லீற்றர் நீருக்கு 360 கிராம் உப்பு. அதற்கு மேல் கரையாது.

போதுமான அளவு காய்ந்ததா?

கையால் வளைத்துப் பார்ப்பது அனுபவசாலிக்குச் சரி. மற்றவர்களுக்கு மூன்று சோதனைகள்.

1. எடைச் சோதனை. உப்பில்லாமல் காயவைக்கும் மீனுக்கு இது பொருந்தும். சுத்தப்படுத்திய 10 கிலோ மீனில் நாலில் மூன்று பங்கு நீர். கெட்டிப் பொருள் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. அது 3.6 கிலோவாக இறங்கும்போது ஈரம் இன்னும் 30 சதவீதம் உண்டு. ஏறத்தாழ 2.9 கிலோவுக்கு வரும்போதுதான் ஈரம் 15 சதவீதம். இந்த நிலைக்கு வந்த கருவாட்டையே மாதக்கணக்கில் வைக்கலாம்.

2. அடையாள மீன். உப்பிட்ட மீனில் மேற்படி கணக்கு ஓடாது. ஒரு தடித்த மீனுக்கு நூல் கட்டித் தினமும் மாலையில் நிறுங்கள். இரண்டு நல்ல வெயில் நாளில் எடை மாறாமல் நின்றால் வெயில் எடுக்கக்கூடிய ஈரம் போய்விட்டது.

3. போத்தல் சோதனை. உப்பில்லாத கருவாட்டுத் துண்டுகளை உலர்ந்த கண்ணாடிப் போத்தலில் முக்கால் பங்கு நிரப்பி, வறுத்து ஆறவிட்ட தூய உப்பு ஒரு கரண்டியைச் சிறு துணிமுடிச்சில் கட்டி உள்ளே வைத்து இறுக மூடுங்கள். மறுநாள் உப்பு நனைந்திருந்தால் உள்ளே ஈரப்பதன் 75 சதவீதத்துக்கு மேல். மீண்டும் வெயிலில் போடுங்கள்.

வண்டைச் சுடுதல்

நமது ஊரில் குளிர் உதவாது. ஆனால் வெயில் உதவும். 50 பாகை என்ற எல்லையை வண்டு தாண்டமுடியாது. அந்த வெப்பத்தை உண்டாக்கப் பொலித்தீன் தாள் போதும்.

கறுப்புப் பொலித்தீனைத் தரையில் விரித்து, காய்ந்த கருவாட்டை ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். மேலே ஒளி ஊடுருவும் பொலித்தீனை மூடி, நான்கு ஓரத்திலும் மண்ணோ கல்லோ வைத்து இறுக்குங்கள். ஓரம் திறந்திருந்தால் சூடேறுமுன் புழுக்கள் நிழல் தேடி ஓடிவிடும். முகில் இல்லாத நாளில் காலை 11 முதல் பிற்பகல் 3 மணி வரை அப்படியே விடுங்கள். தடித்த சுறா, கட்டாத் துண்டுகளின் நடுப்பகுதி சூடேற நேரம் எடுக்கும். ஒரு துண்டின் நடுவில் வெப்பமானியைச் செருகி 50 பாகையைத் தாண்டியதா என்று பாருங்கள். தாண்டிய பிறகு ஒரு மணி நேரமாவது நிற்கவேண்டும்.

பச்சை மீனுக்கு இதைச் செய்யாதீர்கள். ஈரமான மீன் அந்தச் சூட்டில் வெந்து உடையும். வெளித்தோல் இறுகி உள்ளே ஈரம் தங்கும். பச்சை மீனுக்குக் காற்றோட்டம் உள்ள பொலித்தீன் கூடாரம் ஏற்றது. வங்காளதேசத்தில் பி. ஈ. டோ, கே. சச்சிதானந்தன் உள்ளிட்ட குழுவினர் 1977இல் விளக்கிய கூடாரம் பலருக்கு முன்மாதிரி: மூங்கில் சட்டம், ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் ஒளி ஊடுருவும் தாள், கீழே காற்று நுழையவும் மேலே வெளியேறவும் துளைகள். அது ஈயையும் தடுக்கும், காய்ச்சலையும் விரைவாக்கும்.

ஆழ்குளிர்ப் பெட்டி உள்ள கடைக்காரருக்கு இன்னொரு வழி: காற்றுப் புகாத பையில் கட்டி, மைனஸ் 18 பாகையில் ஒரு வாரம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள்; அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறந்தால்தான் கருவாட்டில் நீர் படியாது.

கட்டி வைக்கும் முறை

சுட்ட கருவாட்டை நிழலில் நுளம்பு வலை போட்டு ஆறவிடுங்கள். சூட்டோடு கட்டினால் இரவில் பைக்குள் நீர் வியர்த்துச் சொட்டும். அந்த ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். ஆறிய பிறகு சல்லடையில் தட்டி, செத்த புழுவையும் தூளையும் நீக்குங்கள். அந்தக் கழிவை வளவில் வீசாமல் எரியுங்கள் அல்லது ஆழமாகப் புதையுங்கள்.

சாதாரணச் சாக்கும் உமலும் பறியும் வண்டுக்கு வாசல்தான். மெல்லிய பொலித்தீனையும் அது துளைக்கும். தடித்த பிளாஸ்டிக் பீப்பாய், இறுகிய மூடியுள்ள வாளி, தகரப் பெட்டி ஆகியவை நல்லவை. வாய் வரை நிரப்புங்கள். உள்ளே காற்று எவ்வளவு குறைவோ, தப்பிய பூச்சி மூச்சு முட்டும் வாய்ப்பு அவ்வளவு கூடும். விற்பனைக்கு எடுப்பதைத் தனிப் பெட்டியில் வையுங்கள். பெரிய பீப்பாயைத் தினமும் திறப்பது மாரிக் காற்றை உள்ளே ஊற்றுவதாகும்.

அறையில் கவனிக்கவேண்டியவை:

- தரையிலிருந்து உயர்ந்த பலகைத் தட்டு. 2011 ஜனவரி வெள்ளத்தை மறந்து தட்டின் உயரத்தைத் தீர்மானிக்கவேண்டாம்.
- சுவரை ஒட்டி அடுக்காமல் ஒரு முழம் இடைவெளி.
- தூண், பலகை வெடிப்புகளைச் சீமெந்தாலோ பூச்சாலோ அடைத்தல்.
- பழைய சாக்கையும் பறியையும் கொதிநீரில் அமிழ்த்தி வெயிலில் உலர்த்திய பிறகே மீண்டும் பாவித்தல். துளை விழுந்த ரெஜிபோம் பெட்டியை அப்புறப்படுத்தல்.
- பழைய இருப்பு முடிந்து, அறையைக் கூட்டித் துடைத்த பிறகே புதிய இருப்பு.
- கொப்பரா, தோல், கோழித்தீனி ஆகியவற்றுக்கு வேறு அறை.

செய்யக்கூடாதது

படுவான்கரை வேளாண்மை பூமி. ஏறக்குறைய எல்லா வீட்டிலும் வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்துப் போத்தல் ஒன்று இருக்கும். அதைக் கருவாட்டில் தெளிப்பது, சாக்கில் பூசுவது, அறையில் விசிறுவது எல்லாமே உண்பவருக்கு நஞ்சு ஊட்டுவதுதான். கழுவினாலும் சமைத்தாலும் அது முழுதாகப் போகாது. நெல் களஞ்சியங்களில் புகையூட்டப் பயன்படும் அலுமினியம் பொஸ்பைட் வில்லையை வீட்டில் வைப்பது இன்னும் ஆபத்து. ஈரம் பட்டதும் வெளிவரும் அந்த வாயு உறங்கும் ஆளைக் கொல்லும். வேப்பிலையும் மஞ்சளும் வண்டை ஓரளவு விலக்கக்கூடும். ஆனால் ஈரக் கருவாட்டை அவை காப்பாற்றா.

ஆண்டு அட்டவணை

*பெப்ரவரி – ஏப்ரல்:* பழைய இருப்பை விற்று முடித்து அறையைத் துப்புரவாக்குதல், வெடிப்பு அடைத்தல், உப்பு வாங்கிக் குவித்தல்.

*மே – ஓகஸ்ட்:* காயவைக்கும் காலம். நிலத்தில் போடாமல் இடுப்பளவு உயரத் தட்டில், வலை மூடிக் காயவைத்தல். மாலையில் அள்ளி மூடுதல்.

*செப்டெம்பர்:* முழு இருப்பையும், உப்பில்லாததைப் போத்தல் சோதனைக்கும் உப்பிட்டதை அடையாள மீன் சோதனைக்கும் உட்படுத்தி, பொலித்தீனுக்குக் கீழே சுட்டு, ஆறவிட்டு, அடைத்தல்.

*ஒக்டோபர் – ஜனவரி:* மாதம் ஒரு முறை ஒரு பீப்பாயை மட்டும் திறந்து பார்த்தல். உரித்த தோல், மயிர்ப்புழு, மெல்லிய தூள் ஏதும் கண்டால் அந்தப் பீப்பாயை வெயில் கண்ட முதல் நாளிலேயே மீண்டும் சுடுதல். வெயில் வராவிட்டால் அதை முதலில் விற்றல். ஐந்து வாரத்தில் ஒரு தலைமுறை என்பதால் மாதச் சோதனையைத் தவறவிட்டால் வண்டு ஒரு படி முந்திவிடும்.

இந்த அட்டவணையில் ஒரு மாதத்தை மட்டும்தான் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க முடியும் என்றால் அது செப்டெம்பராக இருக்கட்டும். மட்டக்களப்பின் வெப்பம் ஆண்டு முழுவதும் வண்டின் பக்கம். மாரியின் ஈரமும் அதன் பக்கம். கோடை முடியுமுன் கிடைக்கும் அந்தக் கடைசி வெயில் மட்டுமே நமது பக்கம். அதைத் தவறவிட்டவருக்கு டிசெம்பரில் எந்த மருந்தும் உதவாது.